மச்சினன் பங்கையும் வீடுதான் கட்டுகிறது

கேள்வி: ஐயா, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஃபிட்டராக இருக்கிறேன், வயது 41. நானும் மச்சினனும் இரண்டு நண்பர்களும் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் காரை எண்டியூரன்ஸ் பந்தயத்துக்கு (ஓட்டுநர்கள் மாறி மாறிப் பல மணி நேரம் ஓட்டுவது) தயார் செய்தோம். காருக்கு 35,000 ராண்ட், ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு), சீட், பெல்ட், உடைகளுக்கு 75,000. ஒரு பந்தயத்துக்கு 38,000 வீதம் 18 மாதத்தில் நான்கு ஓடினோம். நடுவில் எஞ்சின் போய் இன்னொரு 18,000. என் ஆக்சஸ் பாண்டிலிருந்து (கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க விடும் வீட்டுக் கடன்) 1,40,000 எடுத்துவிட்டேன். வட்டி 11 சதவீதம், இன்னும் 14 ஆண்டு பாக்கி. மனைவிக்குத் தூக்கமே இல்லை. அமெரிக்காவில் 500 டாலர் காரிலேயே ஓட்டுகிறார்களாமே, அப்படி மலிவான விதிகள் உள்ள தொடருக்கு மாறலாமா?

பதில்: அந்த 500 டாலரில் மயங்காதீர்கள். 2006இல் தொடங்கிய '24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' அங்கே கார் விலைக்கு 500 டாலர் வரம்பு வைத்தது. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு 10 டாலருக்கும் ஓடிய சுற்றுகளில் ஒன்றைக் கழிப்பார்கள். ஆனால் கேஜ், சீட், பெல்ட், பிரேக், டயர் எதுவும் அந்தக் கணக்கில் வராது. 'சாம்ப்கார்' தொடரில் டாலருக்குப் பதில் புள்ளிகள்: காருக்கு இத்தனை, மாற்றிய பாகத்துக்கு இத்தனை, மொத்தம் 500க்குள். அங்கும் பாதுகாப்புச் சாமான்கள் கணக்குக்கு வெளியேதான். உங்கள் கணக்கிலும் கார் 35,000, சாமான் 75,000. விதி எதுவானாலும் அந்த 75,000 குறையாது. பிரிட்டோரியா பக்கத்து ஸ்வார்ட்காப்ஸ் பந்தயத் தளத்துக்குப் போய்வரும் சுமார் 1,200 கிலோமீட்டர் டீசலும் குறையாது.

சரி, 1,40,000 எப்படி வந்தது? காரும் சாமானும் 1,10,000. நால்வரில் ஒருவர் பங்கு 27,500. பந்தயத்துக்கு 9,500 வீதம் நான்குக்கு 38,000. எஞ்சினில் 4,500. ஆக ஒருவருக்கு 70,000. நீங்கள் எடுத்தது சரியாக அதன் இரட்டிப்பு. மச்சினன் பங்கையும் நீங்களே கட்டியிருக்கிறீர்கள். கடிதத்தில் ஒரு வரிகூட அதைப் பற்றி இல்லை. "அடுத்த மாசம் தர்றேன் மாமா" என்று அவர் சொல்வது இங்கே என் காதில் விழுகிறது.

ஆக்சஸ் பாண்டில் எடுப்பது சொந்தச் சேமிப்பை எடுப்பது போலத் தோன்றும், படிவமோ கேள்வியோ இல்லாததால். அது வீட்டுக் கடன்தான். 1,40,000ஐ 14 ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 1,640, மொத்தம் ஏறக்குறைய 2,75,000. மச்சினன் ஓட்டிய நான்கு பந்தயத்துக்கு உங்கள் வீடு சுமார் 1,37,500 கொடுக்கிறது.

2024 செப்டம்பரில் இரண்டு பானை ஓய்வூதிய முறை (ஓய்வுச் சேமிப்பின் ஒரு பகுதியை முன்கூட்டியே எடுக்க விடுவது) வந்ததிலிருந்து, அதில் எடுத்து அடைத்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். எடுக்கும் தொகை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து வரி கட்டும், முதுமைக்கு வைத்ததும் குறையும்.

அடுத்த பந்தயத்துக்கு முன் பாண்டில் பணம் எடுக்கும் வசதியை நிறுத்த முடியுமா என்று வங்கியில் கேளுங்கள், அல்லது இரண்டு கையெழுத்து தேவைப்படும்படி மனைவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நால்வர் பெயரில் தனிக் கணக்கு, ஆளுக்கு மாதம் 2,500. நான்கு மாதத்தில் 40,000 சேரும், ஒரு பந்தயம் ஓடலாம். ஆண்டுக்கு மூன்று. மாதப் பங்கு போடாதவர் அந்த முறை ஸ்டியரிங் பிடிக்கக்கூடாது, பிட்டில் (பந்தயத்தின் நடுவே கார் நிறுத்தும் இடம்) டயர் மாற்றட்டும். மச்சினனுக்கும் இதேதான். பழைய 70,000ஐ ஒரு தாளில் எழுதி, மாதம் 1,500 என்று கையெழுத்து வாங்குங்கள். நான்கு ஆண்டுக்குள் முடியும். இதை நீங்கள் சொல்லத் தயங்கினால் உங்கள் மனைவி சொல்லட்டும், தம்பி அவருடையவர்தானே.

அப்புறம், ஆயுள் காப்பீட்டில் பந்தயம் ஓட்டுவதாகத் தெரிவித்தீர்களா? பெரும்பாலான பாலிசிகளில் அதை மறைத்தால் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டியது சிக்கலாகிவிடும். சாதாரண கார் பாலிசி டிராக்கில் நடப்பதற்குப் பணம் தராது. பெல்ட்டில் தைத்திருக்கும் காலாவதி ஆண்டையும் பாருங்கள். எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) முத்திரை பெல்ட் ஐந்து ஆண்டோடு முடிகிறது, அந்தப் புதுச்செலவையும் நால்வர் கணக்கில்தான் எழுத வேண்டும்.