40 குவாட்ரட் போட்டும் மாதிரி ஒன்றுதானா?

கேள்வி: சூழலியலில் முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டில் இருக்கிறேன். தீப்பிடித்த ஒரு காட்டுத் துண்டிலும், அதை ஒட்டித் தீ படாமல் தப்பிய துண்டிலும் தலா 40 குவாட்ரட் (எண்ணுவதற்காகத் தரையில் அளந்து குறிக்கும் சிறு சதுரம்) போட்டு, மரக்கன்றுகளை எண்ணி ஒப்பிடுவது என் திட்டம். ஆய்வுக் குழுக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர், "உங்கள் மாதிரி எண்ணிக்கை 40 இல்லை, ஒன்று" என்று சொல்லிவிட்டார். களப்பணிக்கு இரண்டு பருவங்கள்தான் இருக்கின்றன. திட்டத்தைக் கைவிட வேண்டுமா?

பதில்: கைவிட வேண்டாம். ஆனால் அவர் சொன்னது சரி. களத்துக்குப் போகும் முன்பே இதைச் சொல்ல ஆள் கிடைத்தது உங்கள் நல்ல நேரம். ஆய்வேடு எழுதி முடித்தபிறகு இதைக் கேட்டு உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அது அந்தப் பானைக்கு மட்டும்தான். இந்தப் பானையில் 40 பருக்கை எடுத்துப் பார்த்தாலும், அடுத்த பானை வெந்ததா என்று தெரியாது. தீ பட்டது குவாட்ரட்டின்மேல் அல்ல, காட்டுத் துண்டின்மேல். எதன்மேல் தீ பட்டதோ அதுதான் உங்கள் மாதிரி அலகு.

ஒரே துண்டில் எடுத்த பல அளவுகளைத் தனித்தனி மாதிரிகளாக எண்ணிவிடும் இந்தப் பிழைக்கு சூடோரெப்ளிகேஷன் என்று பெயர் வைத்தவர் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட். 1984-ல் வந்த கட்டுரைக்காக 176 களச் சோதனை ஆய்வுகளை அலசினார். புள்ளியியல் சோதனை பயன்படுத்தியவற்றில் 48 சதவீதத்தில் இந்தப் பிழை இருந்தது. ஆக, தேர்ந்தவர்களும் விழுந்த குழிதான் இது.

தீ நின்ற எல்லைக்கு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். அது ஏன் அங்கே நின்றது? பெரும்பாலும் ஒரு ஓடையோ, பாறையோ, ஈரமான பள்ளமோ இருக்கும். அப்படியானால் தப்பிய துண்டு முன்பே ஈரம் கூடியது. தீ வராமலிருந்தாலும் அங்கே கன்றுகளின் எண்ணிக்கை வேறாகவே இருந்திருக்கும். உங்கள் 80 குவாட்ரட்டும் அந்த வித்தியாசத்தை மிகத் துல்லியமாக அளந்துவிட்டு, அதைத் தீயின் கணக்கில் எழுதிவிடும்.

மிக்ஸ்டு மாடல் (துண்டுக்குத் துண்டு உள்ள வேறுபாட்டையும் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை) ஓட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லக்கூடும். துண்டுகள் பல இருந்தால் அது உதவும். எரிந்தது ஒன்று, எரியாதது ஒன்று மட்டுமே என்றால், துண்டின் தனிக்குணத்தையும் தீயின் விளைவையும் எந்தக் கணக்கும் பிரித்துத் தராது.

சரி, வழி என்ன? உழைப்பு அதேதான், பங்கீட்டை மாற்றுங்கள். எரிந்தவை 8, எரியாதவை 8 என 16 துண்டுகள், ஒவ்வொன்றிலும் 5 குவாட்ரட். மொத்தம் அதே 80. முடிந்தவரை வெவ்வேறு தீ விபத்துகளிலிருந்து எடுங்கள். சரிவும் மண்ணும் ஒத்த ஜோடிகளாகத் தேர்ந்தெடுங்கள். எந்த ஆண்டு எரிந்தது என்பதை மறக்காமல் குறியுங்கள். அலைச்சல் கூடும், ஆனால் பலன் அதைவிடக் கூடும்.

எரிந்தது ஒரே இடம்தான் என்றால், முந்தைய நிலையைத் தேடுங்கள். அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் ஆய்வுக் காட்டில் 1965-ல் ஒரே ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில்தான் மரங்களை வெட்டினார்கள். ஆனால் வெட்டுவதற்கு முன்பே ஓடை நீரை அளந்து வைத்திருந்தார்கள், ஒப்பிட வெட்டாத பகுதியும் இருந்தது. அதனால் ஓடை நீரில் நைட்ரேட் ஏறியபோது காரணத்தைத் தைரியமாகச் சொல்ல முடிந்தது. உங்களுக்கு லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தீக்கு முன் இரண்டு துண்டுகளின் பசுமையும் ஒத்திருந்ததா என்று பார்க்கலாம். அதில் மரக்கன்று தெரியாது, ஆகவே முடிவையும் அடக்கமாகத்தான் எழுத வேண்டும்: "இந்தக் காட்டில் இப்படி இருந்தது" என்று.

அப்புறம், முதல் பருவம் தொடங்குமுன் ஒரு வாரம் முன்னோட்டக் களப்பணி செய்யுங்கள். ஒரு குவாட்ரட்டுக்கு எத்தனை நிமிடம், துண்டுக்குத் துண்டு போக எவ்வளவு நேரம், கன்றுகளை இனம் காண முடிகிறதா என்று பாருங்கள். மழையில் பேனா மை கரைந்துவிடும், பென்சிலால் எழுதுங்கள். அன்றன்று மாலையே கணினியில் ஏற்றுங்கள். "சிறு இலை, மூன்றாவது வகை" என்று நீங்கள் எழுதியது எந்தச் செடி என்பது இரண்டு வாரம் கழித்து உங்களுக்கே தெரியாது.

அந்த நேரக் கணக்கையும் 16 துண்டுகள் குறித்த வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் நெறியாளரைப் பாருங்கள். கேள்வி கேட்ட அந்தப் பேராசிரியரிடமும் தனியாக அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.