தாத்தாவின் பத்திரிகைகளை லேமினேட் செய்யலாமா?

கேள்வி: 1940களில் தாத்தா பைண்டு செய்து வைத்த வாரப் பத்திரிகைகள் பழுப்பேறி, புரட்டினாலே நொறுங்குகின்றன. லேமினேட் செய்துவிடலாமா? நூலகங்களில் என்ன செய்கிறார்கள்?

பதில்: லேமினேஷன் கடைப் பக்கமே போகாதீர்கள். சூட்டில் தாளோடு ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் அமிலமும் தன் வேலையை நிறுத்தாது. செலோடேப் இன்னும் மோசம். சில வருடங்களில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் பழுப்புக் கறையாகத் தாளுக்குள் இறங்கி நிற்கும்.

கோளாறு தாளிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில் தாள் செய்ய ஆரம்பித்தார்கள். மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் ரோசின் என்ற மரப் பிசினும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, செல்லுலோஸ் இழைகளைத் துண்டாக்குகிறது. மரக்கூழில் உள்ள லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுக்கிறது. கந்தல் துணியில் செய்த 1700களின் தாள் பலவும் இன்னும் மடக்கினால் மடங்குகிறது. உங்கள் பத்திரிகை உடைகிறது.

நூலகத்தில் முதலில் மை கரைகிறதா என்று ஓர் ஓரத்தில் சோதிப்பார்கள். கரையவில்லை என்றால், கால்சியம் ஹைட்ராக்சைடு போன்ற காரக் கரைசலில் தாளை நனைத்து அமிலத்தை முறிப்பார்கள். கிழிசலுக்கு ஜப்பானிய மெல்லிழைத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் (ஸ்டார்ச்) பசையும். அந்தப் பசை தண்ணீர் பட்டால் விட்டுவிடும், அதுதான் அதன் சிறப்பு. திரும்பப் பிரிக்க முடியாத எதையும் தாளில் செய்யக்கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. மிகவும் நொறுங்கியவற்றைப் பாலியெஸ்டர் உறையில் வைத்து விளிம்பை மட்டும் மூடுவார்கள். உறை தாளில் ஒட்டாது. அமிலம் முறிக்கும் வேலையை வீட்டில் முயல வேண்டாம்.

எல்லாத் தாளையும் காப்பாற்ற முடியாது, உள்ளடக்கத்தையாவது காப்பாற்றலாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் கொண்டு 1994இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நூலகத்தில் பக்கங்களைப் படச்சுருளில் சிறிதாகப் பதியும் மைக்ரோஃபிலிம் எடுப்பது முக்கிய வேலையானது இதனால்தான். நீங்களும் முதலில் செல்போனிலாவது படம் எடுத்துவிடுங்கள். தொகுப்பை முழுக்க விரிக்காமல், இரு பக்கமும் தலையணை கொடுத்துப் பாதி திறந்து எடுங்கள்.

அப்புறம், ஈரச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும். அந்துருண்டை அதைத் தடுக்காது, நமக்குத் தலைவலிதான் மிச்சம். செய்தித்தாளில் சுற்றியும் வைக்காதீர்கள், அதுவும் அமிலத் தாள்தான். கஞ்சி போகத் துவைத்து நன்றாகக் காயவைத்த காடாத் துணி போதும்.