பென்சிலில் எழுதிய கச்சான்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, அப்பா வாங்கி வைத்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தில் ஆறு தொகுதிகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. வீடு திருத்துகிறோம். "எல்லாம் போனில் இருக்கு, பழைய பேப்பருக்குப் போடுங்கோ" என்கிறான் மகன். எனக்கு மனம் வரவில்லை. உங்கள் வீட்டில் இப்படிப் புத்தகம் இருந்ததா? – ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: போடாதீர்கள் தங்கச்சி. ஏன் என்று சொல்ல என் வீட்டுக் கதைக்குத்தான் போக வேண்டும்.

எங்களிடம் இருந்ததும் அதே புத்தகம்தான். சென்னையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகள். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியர். 1979இல் அப்பா தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா போய் வந்தபோது அம்மாவுக்கு ஒரு சேலையும் எங்களுக்கு ஏழு தொகுதிகளும் கொண்டு வந்தார். மிச்சம் மூன்றும் அடுத்த வருடம் மாமாவின் பெட்டியில் வந்தன. திருகோணமலையில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் பின் தெருவில் எங்கள் வீடு. மடியில் வைத்தால் கால் மரத்துப் போகும் பாரம் என்பதால், சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்துத்தான் வாசிப்போம்.

கச்சான் மண்ணுக்கு மேலே காய்க்கிறதா, கீழேயா என்று எனக்கும் தம்பிக்கும் ஒரு நாள் சண்டை. 'க' வரிசையில் தேடினேன். கச்சான் இல்லை. அழுகை வந்துவிட்டது. குசினியிலிருந்து அம்மா, "இந்தியாவில அதை நிலக்கடலை எண்டு சொல்லுவினம் பிள்ளை, 'நி'யில பார்" என்றார். பார்த்தோம். பூ மேலேதான் பூக்கிறது. பிறகு காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்கி, அங்கே காய் முற்றுகிறது. சண்டையில் இரண்டு பேருக்கும் வெற்றி! அன்று இரவு அம்மா 'க' தொகுதியை எடுத்து, கச்சான் வந்திருக்க வேண்டிய இடத்தில் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: "கச்சான் – நிலக்கடலை பார்க்க."

அதன் பிறகு அது அவருடைய வேலையாகிவிட்டது. அன்னமுன்னா – சீத்தாப்பழம். வத்தகப்பழம் – தர்பூசணி. சவர்க்காரம் – சோப்பு. ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்த அம்மா, சென்னைப் புத்தகத்தைத் திருகோணமலைப் பிள்ளைகள் வாசிக்க வழி செய்து கொடுத்தார். எனக்கு அகரவரிசை படிந்ததும் அந்தத் தேடலில்தான்.

1990இல் ஊரை விட்டுப் போனோம். திரும்பி வந்தபோது மூன்று தொகுதிகளே மிச்சம். 'க' வரும் தொகுதி அவற்றில் ஒன்று. தமிழ் இணையக் கல்விக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் படிகளில் தொலைந்த தொகுதிகளைப் பார்த்த நாள் எனக்குப் பெருநாள் மாதிரி. ஆனால் 'க' பக்கத்தைத் திறந்தேன், ஓரம் வெறுமையாக இருந்தது. அங்கே என் அம்மா இல்லை.

சரி, தகவல் பழசாகிவிட்டது என்று மகன் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். அதில் கிரகங்கள் ஒன்பது. புளூட்டோவை 2006இல்தான் அந்த வரிசையிலிருந்து எடுத்தார்கள். இன்னொன்றையும் அவனிடம் சொல்லுங்கள். முதல் தொகுதி வந்த 1968இல் மனிதன் நிலாவில் கால் வைத்திருக்கவில்லை. பத்தாவது வருவதற்குள் பன்னிரண்டு பேர் அங்கே நடந்து திரும்பிவிட்டார்கள். வேலை முடிவதற்குள் உலகமே மாறிப்போன புத்தகம் அது. பக்கங்களைப் புரட்டச் சொல்லுங்கள். உங்கள் அப்பாவும் எங்காவது ஓரத்தில் எதையாவது எழுதியிருக்கலாம்.

கேள்வி: இலங்கையில் தமிழ்க் கலைக்களஞ்சியம் வந்ததுண்டா? – ஓர் ஆசிரியர், மூதூர்

பதில்: உண்டு, அதுவும் வெகு முன்பே. யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதானகோசம் 1902இல் வந்தது. பலர் முதலில் சொல்லும் சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி வந்தது 1910இல்தான். அபிதானகோசத்தை 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் வாசிக்கலாம். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் ஐயா.

கேள்வி: பழைய புத்தகங்களை இராமபாணப் பூச்சி அரிக்கிறது. என்ன செய்யலாம்? – ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: கடற்கரை வீடுகளில் ஈரம்தான் முதல் எதிரி. அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். புத்தகங்களை நெருக்கி அடுக்க வேண்டாம், காற்றுப் போக வேண்டும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் கட்டித் தட்டின் மூலையில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மாரி காலத்தில் அலுமாரியைத் திறந்து போடாதீர்கள். கச்சான் காற்று (கடலையல்ல, தென்மேற்கிலிருந்து வரும் உலர்ந்த காற்று) அடிக்கும் ஆனி, ஆடியில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வெயில் படாத விறாந்தையில் பக்கங்களை விரித்து வையுங்கள். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். ஈரத்துணி வேண்டாம். ஓரத்தில் பென்சில் எழுத்து இருந்தால் அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது.