ஸ்கூபா பயணமும் காசிமேட்டுக் கேள்வியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். நான் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் அந்தமானில், காற்றுக்கலன் மாட்டிக்கொண்டு முக்குளிக்கும் ஸ்கூபா பழகினேன். பயணிகள் கொடுக்கும் பணத்தால்தான் உலகெங்கும் பவளப்பாறைகள் பிழைத்திருக்கின்றன என்று பயிற்சியாளர் சொன்னார். வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா, “அப்போ நம்மள கரையேத்திட்டு அவங்க உள்ள எறங்கி வேடிக்கை பாப்பாங்களா?” என்றார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., காசிமேடு

அன்புள்ள எஸ்.,

பயிற்சியாளர் சொன்னதற்குச் சான்றுகள் உண்டு. ஆனால் உங்கள் அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அதை ஏற்க முடியாது. மெக்சிகோவின் காபோ புல்மோ சிறியதொரு மீனவக் கிராமம். மீன்வளம் குறைந்துபோன காலத்தில், அவ்வூர்க் குடும்பங்கள் தாங்களே முன்வந்து கேட்டதன்பேரில், 1995இல் அக்கடற்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வலையை விட்ட அதே குடும்பத்தார் முக்குளிப்பவர்களைப் படகில் ஏற்றிச் செல்லத் தொடங்கினார்கள். அத்துமீறி வரும் படகுகளைக் கண்காணித்தவர்களும் அவர்களே. 1999க்கும் 2009க்கும் இடையே அங்கே மீன்திரளின் எடை 463 விழுக்காடு கூடியது.

பிலிப்பைன்ஸின் ஆப்போ தீவில் மீனவர்கள் கரையேறவே இல்லை. 1980களில் பாறையின் ஒரு துண்டை மட்டும் வலைபடாமல் ஒதுக்கிவிட்டு மிச்சக் கடலில் தொழிலைத் தொடர்ந்தார்கள். முக்குளிக்க வருகிறவர்கள் கட்டணம் கட்டுகிறார்கள். உங்கள் அப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டிய ஊர் இதுதான்.

தாய்லாந்தின் மாயா விரிகுடாவிலும் பணம் கொட்டத்தான் செய்தது. நாளொன்றுக்கு 5,000 பேர் வரை வந்திறங்கி, நங்கூரங்கள் பவளத்தை நொறுக்கிய பிறகு, 2018 ஜூனில் அரசு அதை மூடிவிட்டது. 2022இல் திறந்தபோது படகுகளை விரிகுடாவுக்குள் விடவில்லை.

இதைச் சொல்லும் நானும் யோக்கியனல்ல. முதன்முறை இறங்கியபோது மிதப்பைச் சமன்செய்யத் தெரியாமல் காலை உதைத்தேன். காலில் மாட்டியிருந்த ஃபின் (துடுப்பு) பட்டு விரல்நீளப் பவளக் கிளையொன்று ஒடிந்து, வெள்ளையாக முறிவு தெரிய, மெல்ல மணலில் போய் விழுந்தது. மேலே வந்த பிறகு பயிற்சியாளர் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, அடுத்த குழு காத்திருந்தது.

கடலின் சூட்டைக் கட்டணம் தணிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல் சூடேறிப் பவளங்கள் நிறமிழந்துபோகும் பவள வெளுப்பு, உலகளவில் நான்காவது முறையாக நிகழ்வதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. விமானமேறிப் பாறை பார்க்கப் போகிற நாமும் அந்த அடுப்பில் கொஞ்சம் விறகு வைக்கிறோம்.

நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை எர்ணாவூர்க் கரையில் வாளி வாளியாக அள்ளினார்கள். கருங்கல் இடுக்குகளில் அது தார்போல ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். கலங்கிய இந்தக் கடலுக்கு ஸ்கூபா பயணி வரமாட்டார், ஆகவே அவருடைய பணமும் வராது. ஆனால் இதன் அடியிலும் மீனவர்கள் பார் என்று சொல்லும் பாறைத்திட்டுகள் உண்டு, எந்தப் பாரில் எந்த மாதம் என்ன மீன் என்பதை உங்கள் அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்.

மறுபடி அந்தமான் போனால், படகு நங்கூரம் இறக்குகிறதா, மிதவையில் கட்டுகிறதா என்று கவனியுங்கள். படகோட்டி அந்தத் தீவுக்காரர்தானா, நீங்கள் கட்டும் பணத்தில் அவருக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை முதலில் அப்பாவிடம் சொல்லிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.