சரக்குக்குத் தடை இல்லை, பணத்துக்கு உண்டு

கேள்வி: பேராவூரணி அருகே தென்னை நார்க்கழிவைக் கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதி செய்கிறேன். ரஷ்யாவில் பசுமைக்குடில் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் இரண்டு கன்டெய்னர் கேட்கிறது. பணத்தை துபாயில் உள்ள வேறொரு கம்பெனி டாலரில் அனுப்புமாம். இன்வாய்ஸில் ரஷ்யா என்ற பெயரே வரக்கூடாதாம். நார்க்கழிவுக்குத்தான் தடை எதுவும் இல்லையே, ஏற்றலாமா?

பதில்: அவர்கள் சொல்லும் வழியில் ஏற்றாதீர்கள். அதற்காக ஆர்டரையே விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை.

ஐ.நா. பாதுகாப்பு அவை விதிக்கும் தடைகளைத்தான் இந்தியா 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நடைமுறைப்படுத்துகிறது. ரஷ்யா மீது அப்படிப்பட்ட தடை கிடையாது. இருப்பவை அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அவற்றின் கூட்டாளி நாடுகளும் விதித்தவை. ஆகவே செடி வளர்க்கும் நார்க்கழிவை அங்கே அனுப்புவதால் மட்டும் நம் சட்டத்தை நீங்கள் மீறிவிடவில்லை.

சிக்கல் டாலரில் இருக்கிறது. துபாயிலிருந்து கிளம்பும் டாலர் உங்கள் வங்கிக் கிளைக்கு நேரே வந்துவிடாது. பெரும்பாலும் நியூயார்க்கில் ஏதாவது ஒரு வங்கியில் கைமாறித்தான் வரும். அங்கே அனுப்புபவர், பெறுபவர், வங்கி, கப்பல் என்று எல்லாப் பெயர்களையும் அமெரிக்க நிதித்துறையின் தடைப்பட்டியலோடு கணினி ஒப்பிடுகிறது. சந்தேகம் வந்தால், சரக்கு என்ன, கடைசியில் யாருக்குப் போகிறது என்று கேட்டு உங்கள் வங்கிக்குத் தகவல் வரும். பதில் போகும்வரை பணம் நகராது. பட்டியலில் உள்ளவருக்கு அந்தப் பணத்தில் பங்கு உண்டு என்று தெரிந்துவிட்டால், அனுப்பியவருக்கும் அது திரும்பாது. தனிக் கணக்கில் முடக்கிவைப்பார்கள். மீட்க அமெரிக்க நிதித்துறையின் உரிமம் வேண்டும். கஜா புயலில் தோப்புகளைப் பறிகொடுத்து மீண்டெழுந்த பகுதி உங்களுடையது. இரண்டு கன்டெய்னர் பணம் இப்படி மாட்டிக்கொண்டால் ஒரு சிறு தொழில் என்ன பாடுபடும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வாங்குபவரின் பெயர் பட்டியலில் இல்லை என்பதோடும் நின்றுவிடாதீர்கள். தடைக்குள்ளானவர்கள் சேர்ந்து 50 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம், பெயர் இல்லாவிட்டாலும் தடைக்குள்ளானதாகவே கருதப்படும். அதனால் உரிமையாளர்கள் யார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க, ஐரோப்பியப் பட்டியல்களை இணையத்தில் இலவசமாகவே தேடலாம்.

இன்வாய்ஸில் நாட்டின் பெயரை மறைக்கச் சொல்வதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. சுங்கத்துறையிடம் தரும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லில் சேருமிடத்தை மாற்றி எழுதினால் அது நம் சுங்கச் சட்டப்படியே குற்றம். சூடான், ஈரான், கியூபா தொடர்பான பணப் பரிமாற்றங்களில் அடையாளத்தை மறைத்ததற்காக பி.என்.பி. பாரிபா என்ற பிரெஞ்சு வங்கி 2014-இல் சுமார் 890 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அதன்பின் எந்த வங்கியும் மறைப்பை அலட்சியமாக விடுவதில்லை. இடையில் ஏஜென்ட் யாராவது இருந்து இதை வற்புறுத்தினால், அவர் உங்கள் தொழிலைப் பணயம் வைத்துத் தன் கமிஷனைப் பார்க்கிறார்.

மூன்றாம் நபர் பணம் அனுப்புவதை ரிசர்வ் வங்கி முற்றிலும் தடுக்கவில்லை. ஆனால் அந்த ஏற்பாடு ஆவணங்களில் வெளிப்படையாக இருக்க வேண்டும். உங்கள் வங்கியும் திருப்தியடைய வேண்டும். துபாய் கம்பெனிக்கும் ரஷ்ய நிறுவனத்துக்கும் என்ன தொடர்பு என்று காட்டாமல் அது நடக்காது.

இதைவிட நல்ல வழி ரூபாயில் வாங்குவது. 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி அனுமதித்த சிறப்பு வோஸ்ட்ரோ கணக்கில், ரஷ்ய வங்கி நம் வங்கியிடம் வைத்திருக்கும் ரூபாயிலிருந்தே உங்களுக்குப் பணம் வரும், நியூயார்க்கைத் தொடாது. ஆனாலும் அந்த ரஷ்ய வங்கி எது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பெர்பேங்க், வி.டி.பி. போன்ற பெரிய வங்கிகளே அமெரிக்கத் தடையில் இருக்கின்றன. தடையில் உள்ளவர்களோடு பெரிய அளவில் கொடுக்கல் வாங்கல் வைக்கும் வெளிநாட்டு வங்கிகளையும் தண்டிக்க 2023 டிசம்பரில் அமெரிக்கா ஆணை பிறப்பித்தது. அதிலிருந்து நம் வங்கிகளும் தயங்குகின்றன. கிளை மேலாளர் இழுத்தடிக்கிறார் என்று கோபப்படாமல், ஏற்றுமதியைக் கவனிக்கும் அந்நியச் செலாவணிக் கிளையிடம் நேரே பேசுங்கள்.

ஆர்டர், உரிமையாளர் விவரம், வாங்குபவரின் வங்கி, கப்பல் கம்பெனி ஆகியவற்றை எழுதிக்கொடுத்து, பணத்தை ஏற்பார்களா என்று எழுத்திலேயே பதில் கேளுங்கள். தூத்துக்குடிக்கு கன்டெய்னர் கிளம்பும் முன்பே இதை முடித்துவிடுங்கள். கப்பலேறிய பிறகு பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது. வங்கி சம்மதித்தாலும், முதல் கன்டெய்னருக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கணக்கில் ஏறட்டும். இரண்டாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.