மேக்ரோ ஓடும்போது எக்செல் மூடிக்கொள்கிறதா? கேள்வி பதில்

எதைச் செய்வதற்கு முன்பும் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். மேக்ரோ (எக்செல் வேலையைத் தானாகச் செய்ய எழுதும் நிரல்) ஷீட்டில் மாற்றியதை கன்ட்ரோல்+இசட் திருப்பித் தராது.

கேள்வி: செல்லில் தொகை அடித்தால் பக்கத்துச் செல்லில் தேதி விழும்படி வொர்க்‌ஷீட் சேஞ்சில் (ஷீட்டில் செல் மாறியதும் தானே ஓடும் பகுதி) மேக்ரோ எழுதினேன். அடித்ததும் எக்செல் திணறி மூடிக்கொள்கிறது.

பதில்: எந்த நெடுவரிசை என்று நிபந்தனை வைக்காமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் ஏ-யில் அடிக்கிறீர்கள், மேக்ரோ பி-யில் தேதி போடுகிறது. பி மாறியதும் அதே மேக்ரோ மறுபடி எழுந்து சி-யில் போடுகிறது, அப்புறம் டி, ஈ. ஒரு ஓட்டம் முடிவதற்குள் அடுத்தது தொடங்குவதால், அடுக்கு ஏறி ஏறி எக்செல் விழுந்துவிடுகிறது.

எழுதும் வரிக்கு முன் அப்ளிகேஷன்.எனேபிள்ஈவென்ட்ஸை (மேக்ரோ தானே எழுவதை அனுமதிக்கும் அமைப்பு) ஃபால்ஸ் ஆக்குங்கள், முடிந்ததும் ட்ரூ. ஆனால் நடுவில் பிழை வந்தால் அந்த ட்ரூ வரிக்குப் போகவே போகாது. பிறகு திறந்திருக்கும் எந்த ஃபைலிலும் ஈவென்ட் மேக்ரோ, அதாவது இப்படித் தானே எழும் மேக்ரோ, வேலை செய்யாது, காரணமும் தெரியாது. அதனால் ஆன் எர்ரர் கோ-டு (பிழை வந்தால் சொன்ன வரிக்குத் தாவும் கட்டளை) போட்டு, பிழை வந்தாலும் வராவிட்டாலும் ட்ரூ வரியைக் கடந்தே வெளியேறும்படி எழுதுங்கள். இப்போதே அப்படி முடங்கிக் கிடந்தால், விபிஏ எடிட்டரில் (மேக்ரோ எழுதும் ஜன்னல்) கன்ட்ரோல்+ஜி அழுத்தி, வரும் ஜன்னலில் அந்த ட்ரூ வரியை அடித்து என்டர் தட்டினால் போதும்.

கேள்வி: சின்ன ஃபைலில் ஓடுகிறது. பெரிய ஃபைலில் 'ஓவர்ஃப்ளோ' என்று நிற்கிறது.

பதில்: வரிசை எண்ணை இன்டீஜர் என்ற எண் வகையில் வைத்திருக்கிறீர்கள். அது 32,767 வரைதான் தாங்கும். ஷீட்டில் 10,48,576 வரிசைகள் உண்டு. பெரிய எண்களைத் தாங்கும் லாங் வகைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ஃபைலைத் திறந்தாலே மேக்ரோ ஓடி எக்செல் மூடிக்கொள்கிறது. உள்ளே போய்த் திருத்தவே வழியில்லை.

பதில்: முதலில் எக்செலை மட்டும் திறங்கள். ஃபைல் மெனு வழியாகப் போய், ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி திறந்தால் தொடக்க மேக்ரோ ஓடாது. நகல் எடுத்தீர்களா?

கேள்வி: செல்லில் அடித்ததும் மூடிக்கொள்கிறது. என்ன செய்வது?

பதில்: முதல் பதில்தான். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: எதற்கு இவ்வளவு? மேலே ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் (பிழை வந்தாலும் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் கட்டளை) போட்டால் பிழையே வராதே?

பதில்: பிழை வரும், உங்களுக்குத் தெரியாது. ஒரு வரி வேறொரு ஃபைலைத் திறக்கிறது, அடுத்த வரி திறந்த ஷீட்டைத் துடைக்கிறது என்று வையுங்கள். அந்த ஃபைல் அங்கே இல்லை. எக்செல் சத்தமில்லாமல் அடுத்த வரிக்குப் போய், அப்போது கண்முன் இருக்கும் ஷீட்டைத் துடைத்துவிடும். ஒரு மாத வருகைப் பதிவை நான் இப்படித்தான் இழந்தேன். நகலும் இல்லை.

மீண்டும் அவரே: ஷீட் இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் அதைத்தானே பயன்படுத்துகிறார்கள்?

பதில்: சரி, அந்த ஒரு வரிக்கு ஒப்புக்கொள்கிறேன். உடனே அடுத்த வரியில் ஆன் எர்ரர் கோ-டு 0 போட்டு மூடிவிட வேண்டும். மேக்ரோ முழுவதற்கும் போர்த்துவதை ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொருவர்: நான் பல வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பதில்: அந்த வரியை நகலில் நீக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எத்தனை இடத்தில் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள், பேசலாம்.

கேள்வி: கூகுள் ஷீட்ஸிலும் இதே சிக்கல்.

பதில்: அங்கே மேக்ரோ எழுதும் மொழி ஆப்ஸ் ஸ்கிரிப்ட், என் துறை இல்லை. அது தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: மூடிய ஃபைல் சில நிமிடத்தில் தானாகத் திறக்கிறது. வைரஸா?

பதில்: ஆன்டைம் (குறித்த நேரத்தில் ஓடச் சொல்லும் கட்டளை) போட்ட மேக்ரோ இருக்கிறதா பாருங்கள். குறித்த நேரம் வந்தால், எக்செல் திறந்திருக்கும்வரை, ஃபைலைத் திறந்தாவது அது ஓடும். பிஃபோர் க்ளோஸில் (ஃபைல் மூடும் முன் ஓடும் பகுதி) அதை ரத்து செய்யுங்கள். ரத்து செய்ய, குறித்த அதே நேரத்தை அப்படியே கொடுக்க வேண்டும். அதனால் குறிக்கும்போதே அந்த நேரத்தை மாட்யூலின் (மேக்ரோக்கள் இருக்கும் பக்கம்) உச்சியில், எல்லா மேக்ரோவுக்கும் மேலே, ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள்.