துப்பாக்கிப் பட்டறை: வாசகர் கேள்வி, பதில்

வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை அச்சிட வேண்டாம் என்பது ஆசிரியரின் முடிவு. நம் தென்னாப்பிரிக்காவில் திருட்டு நடக்கிற லட்சணத்துக்கு அது நல்ல முடிவுதான். அதனால் ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறோம். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே புகார்: புது ரைஃபிள் சரியில்லை.

கேள்வி: ஐயா, என் அப்பா 1980களில் வாங்கிய மஸ்கிரேவ் கம்பெனி .308 ரைஃபிள் இன்றும் தடங்கல் இல்லாமல் வேலை செய்கிறது. போன வருஷம் நான் கடையில் புத்தம் புதிதாக ஒன்று வாங்கினேன். பொங்கோலா பக்கம் இம்பாலா மான் வேட்டைக்குப் போனால், தோட்டா அடுக்கும் மேகசினிலிருந்து இரண்டாவது தோட்டா ஏறவே இல்லை. குழலும் ஒரு பக்கம் அதைத் தாங்குகிற கட்டையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. இப்போதெல்லாம் கம்பெனிகளில் பார்த்து அனுப்புவதே இல்லையா? (வாசகர், டோங்காட்)

பதில்: பார்க்கிறார்கள், தம்பி. ஆனால் எதைப் பார்ப்பது என்பதை மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

குழலை மட்டும் எடுத்துக்கொண்டால், இன்றைய மலிவு ரைஃபிள் உங்கள் அப்பா காலத்து விலை கூடிய ரைஃபிளுக்குச் சளைத்ததில்லை. கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் மிஷின் வந்துவிட்டது. உருக்கைச் சூடாக்காமலே சுத்தியலால் அடித்து, குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகளைக் குழலுக்குள் எடுக்கும் மிஷினும் பல தொழிற்சாலைகளில் இருக்கிறது. 100 மீட்டரில் மூன்று குண்டு 3 சென்டிமீட்டருக்குள் விழுவது இன்று அதிசயம் இல்லை. விளம்பரத்திலும் அதைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். அது மிஷின் செய்து கொடுக்கிற வேலை.

மிஷின் செய்து கொடுக்காத வேலை ஒன்று உண்டு. தோட்டா ஏறும் பாதையை அரம் பிடித்துச் சீராக்க வேண்டும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்டின் இரண்டு பூட்டுக் காதுகளும் ஒரே மாதிரி உட்காருகின்றனவா என்று மை தடவிப் பார்க்க வேண்டும். கட்டையை உலோகத்தோடு பொருத்த வேண்டும். கடைசியில் யாராவது ஒருவர் ஐந்து தோட்டா போட்டு, ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். இதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும். கடையில் விலை ஏறக் கூடாது என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்தால், முதலில் போவது கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கிற அந்த ஆள்தான். அவர் செய்துகொண்டிருந்த சோதனையை இப்போது நீங்கள் பொங்கோலாவில் செய்திருக்கிறீர்கள், சொந்தப் பெட்ரோல் போட்டுக்கொண்டு.

இது இன்று நேற்று வந்த கதை இல்லை. வின்செஸ்டர் மாடல் 70 என்று 1936இல் வந்த ரைஃபிள் வேட்டைக்காரர்களுக்கெல்லாம் பிரியமானது. 1964இல் கூலிச் செலவைக் குறைக்க அதன் அமைப்பையே மாற்றினார்கள். ஜெர்மன் மவுசர் ரைஃபிள் பாணியில் தோட்டாவின் விளிம்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு போகும் நீளக் கொக்கி போயிற்று. கட்டையில் கையால் செதுக்கிய கட்டக்கோடுகள் போய், அச்சில் அழுத்திய கோடுகள் வந்தன. வாங்குகிறவர்கள் முகம் சுளித்தார்கள். இன்றைக்கும் அமெரிக்காவில் '64க்கு முந்தியது' என்று சொன்னாலே விலை ஏறுகிறது. அந்தக் கொக்கியைத் திரும்பக் கொண்டுவர 1990கள் வரை ஆயிற்று.

மார்லின் கதை இன்னும் மோசம். லீவர் இழுத்துச் சுடும் ரைஃபிளுக்குப் பேர் போன கம்பெனி. ரெமிங்டன் என்ற இன்னொரு கம்பெனி கைக்கு மாறிய பிறகு, கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த தொழிற்சாலையை மூடிவிட்டு, மிஷின்களை நியூயார்க் மாநிலத்து இலியனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பழைய மிஷின் எங்கே இழுக்கும், எங்கே தட்ட வேண்டும் என்று கைப்பழக்கமாகத் தெரிந்தவர்கள் கூடப் போகவில்லை. அங்கிருந்து வந்த முதல் வருஷத்து ரைஃபிள்களில் குறி பார்க்கிற முன்குறி சாய்ந்திருக்கும், மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் இடைவெளி தெரியும், தோட்டா சிக்கும். பிறகு 2020இல் ரெமிங்டன் திவாலானபோது ரூகர் கம்பெனி மார்லினை ஏறத்தாழ 3 கோடி டாலருக்கு வாங்கி, புது மிஷின் போட்டு, அடுத்த வருஷக் கடைசியில்தான் முதல் ரைஃபிளை வெளியே விட்டது. இப்போது வருகிறவற்றுக்கு நல்ல பெயர். பெயரும் அதேதான், மாடலும் அதேதான். நடுவில் மாறியது யார் பார்த்து அனுப்பினார்கள் என்பது மட்டும்.

இதைச் சொன்னதும் 'பழசுதான் பொன்' என்று நம் ஆட்கள் ஆரம்பித்துவிடுவார்கள். அதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்க ராணுவத்தின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் உருக்கு எவ்வளவு சூடானது என்பதைத் தொழிலாளி அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார். மேகம் மூடிய நாளில் ஒரு நிறம், வெயில் நாளில் இன்னொரு நிறம். அளவுக்கு மீறி வெந்த உருக்கு நொறுங்கும். 1917இல் சில வெடித்த பிறகுதான் சூட்டை அளக்கும் கருவி வைத்தார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் செய்த வரிசை எண் 8,00,000க்குக் கீழ் இருக்கிற அந்த ரைஃபிள்களைச் சுட வேண்டாம் என்று இன்றும் சொல்வார்கள். ஆளின் கண்ணுக்கும் எல்லை உண்டு. தவிர, அந்தக் காலத்தில் செய்த மட்டமான துப்பாக்கியெல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. மிஞ்சி நம் கண்ணில் படுவது உங்கள் அப்பாவின் மஸ்கிரேவ் மாதிரி நல்லவை மட்டுமே.

உங்கள் ரைஃபிளுக்கு வருகிறேன். மேகசின் பிளாஸ்டிக் என்றால், தோட்டாவைப் பிடித்திருக்கிற அதன் வாய் உதடுகள் இரண்டும் சமமா என்று பாருங்கள். அதே மாடலின் வேறொரு மேகசினைக் கடையில் கேட்டுப் போட்டுப் பாருங்கள். குழல் ஒட்டுவது கட்டையின் திருகைக் கழற்றி ஒழுங்காக முறுக்கினாலே சில சமயம் சரியாகும். அதுவரைக்கும் செய்யலாம். அதற்கு மேல் எதையும் தொடாதீர்கள். காரணம் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது.

கேள்வி: முதல் ரைஃபிள் வாங்கப்போகிறேன். கடையில் பணம் கட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், அங்கிள்? கடைக்காரர் அவசரப்படுத்தினால் என்ன செய்ய? (வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: அவசரப்படுத்துகிற கடையை விட்டு வெளியே வாருங்கள். நம் நாட்டில் லைசென்ஸ் வர எப்படியும் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை துப்பாக்கி அவர்கள் பெட்டியில்தான் தூங்கப்போகிறது. அரை மணி நேரம் பார்ப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

லைசென்ஸ் ஏதோ ஒரு ரைஃபிளுக்கு என்று கிடைப்பதில்லை, குறிப்பிட்ட ஒரு வரிசை எண்ணுக்குத்தான் கிடைக்கிறது. அதனால் 'இந்த மாடல் வேண்டும்' என்று சொல்லிவிட்டு வராதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரே மாதிரி மூன்று இருந்தால் மூன்றையும் எடுத்துக் காட்டச் சொல்லி, நல்லதைப் பொறுக்கி, அதன் எண்ணை விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

முதலில் தோட்டா உட்காரும் அறை காலி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொன்னால் போதாது. பிறகு ஒரு பத்து ராண்ட் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு முன்னாலிருந்து பின்னால் இழுங்கள். குழல் கட்டையைத் தொடாமல் நிற்க வேண்டிய மாடல் என்றால் நோட்டு எங்கும் மாட்டக் கூடாது. குழல் வாயை டார்ச் அடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். உள்வரிகள் முடிகிற இடத்தில் பிசிறோ நசுங்கலோ இருந்தால் குண்டு கோணலாகத்தான் போகும். குறி பார்க்கிற தொலைநோக்கியான ஸ்கோப்பை மாட்டும் துளைகள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பின்னாலிருந்து கண்ணை வைத்துப் பாருங்கள். துளை கோணலாக வந்த ரைஃபிள் என் பட்டறைக்கு வருவது இப்போது சர்வசாதாரணம். பிறகு கடையில் இருக்கிற, மருந்தில்லாத டம்மி தோட்டாக்களை மேகசின் நிறையப் போட்டு, மெதுவாக ஒரு தடவையும் வேகமாக ஒரு தடவையும் ஏற்றி இறக்குங்கள்.

கடைசியாக டிரிகர். இதற்குக் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். காலி ரைஃபிளில் போல்டை மூடி, தவறிச் சுடாமல் தடுக்கிற சேஃப்டியைப் போட்டு, டிரிகரை நன்றாக இழுத்து விடுங்கள். பிறகு சேஃப்டியை எடுங்கள். அந்த நேரத்தில் சுடும் ஊசி 'டிக்' என்று விழுந்தால் அந்த ரைஃபிளை மேசையில் வைத்துவிட்டு வணக்கம் சொல்லுங்கள். அடுத்து, சேஃப்டி இல்லாமல் போல்டை வேகமாக அடித்து மூடிப் பாருங்கள். அப்போதும் விழக் கூடாது.

இது வெறும் பயம் இல்லை. ரெமிங்டன் மாடல் 700இல் எக்ஸ்-மார்க் புரோ என்ற டிரிகர் வந்தது. 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்தவற்றை அந்தக் கம்பெனியே திரும்பக் கேட்டது. பொருத்தும்போது பசை அளவுக்கு மேல் போட்டுவிட்டார்களாம், சில நிலைமைகளில் விரல் படாமலே வெடிக்கலாம் என்று அவர்களே அறிவித்தார்கள். எட்டு வருஷம்! பசைச் சொட்டு ஒன்று கூடியதைப் பார்க்க ஒரு கண் இல்லாமல் போயிற்று. அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொம்மையைக்கூடத் திரும்பப் பெறச் சொல்லலாம், துப்பாக்கியைத் தொட முடியாது. சட்டத்திலேயே அப்படி விலக்கி வைத்திருக்கிறார்கள். கம்பெனியாக மனசு வைத்தால் உண்டு. நீங்கள் வாங்கப்போகிற மாடல் எதுவானாலும், திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று வரிசை எண்ணோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் வாங்கிய ரைஃபிளில் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வராமல் சிக்கிக்கொள்கிறது. கடையில் கேட்டால், 'லைசென்ஸ் உங்கள் பெயரில் வந்துவிட்டது, இனி திரும்ப எடுக்க முடியாது' என்கிறார்கள். உங்களிடம் கொண்டுவந்தால் சரி செய்து தருவீர்களா? (வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: தர மாட்டேன், அம்மா. இப்போதைக்கு என்னிடம் கொண்டுவராதீர்கள்.

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், சரி செய்து கொடுப்பதா, மாற்றிக் கொடுப்பதா, பணத்தைத் திருப்புவதா என்று தீர்மானிக்கிற உரிமை வாங்கியவருடையது. கடைக்காரர் தேர்ந்தெடுக்க முடியாது. கணக்கு ஆரம்பிப்பது பணம் கட்டிய நாளிலிருந்து இல்லை, பொருளை ஒப்படைத்த நாளிலிருந்து. லைசென்ஸுக்காகக் கடையிலேயே கிடந்த மாதங்கள் உங்கள் ஆறு மாதத்தைத் தின்னாது. ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள், கையில் வாங்கிய தேதி இருக்கிற தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: கடையை விட்டு வெளியே வந்த பிறகு பொருளை மாற்றி அமைத்திருந்தால் இந்த உத்தரவாதம் அந்த அளவுக்கு நிற்காது. நான் அறையைக் கொஞ்சம் பாலிஷ் போட்டுக் கொடுத்தேன் என்று வையுங்கள். அடுத்த நாள் கடைக்காரர், 'யாரோ கை வைத்திருக்கிறார்கள்' என்று கையை விரித்துவிடுவார். என்னைப் போன்ற ரிப்பேர்காரன் சொல்லக் கூடாத பேச்சுதான் இது, இருந்தாலும் சொல்கிறேன்.

மாற்றிக் கேட்டால் புது வரிசை எண், புது விண்ணப்பம், மறுபடியும் காத்திருப்பு. அதனால் முதலில் சரி செய்யக் கேட்பதுதான் சுலபம். எழுத்தில் கேளுங்கள். சரி செய்து கொடுத்து மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு திரும்பினால், மாற்றித்தான் தர வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும். அப்போதும் மசியவில்லையா, நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் புகார் எழுதுங்கள். வீட்டுக்காரரையும் ஒன்று கேளுங்கள்: எத்தனை விதமான தோட்டாவில் சிக்குகிறது? ஒரே கம்பெனித் தோட்டாவில் மட்டும் என்றால் பிழை ரைஃபிளில் இல்லாமலும் போகலாம்.

கேள்வி: ஐரோப்பிய ரைஃபிள் என்றால் அரசாங்க முத்திரை இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று என் மைத்துனர் சொல்கிறார். சரியா? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: பாதி சரி. ஜெர்மனி, பின்லாந்து, செக், இத்தாலி போன்ற நாடுகளில் ஒவ்வொரு ரைஃபிளிலும் அனுமதித்த அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடின தோட்டாவைச் சுட்டுப் பார்த்துத்தான் முத்திரை குத்துவார்கள். அமெரிக்காவில் அப்படிக் கட்டாயச் சட்டம் இல்லை. முத்திரை சொல்வது, அன்றைக்கு அந்தக் குழல் தாங்கியது என்று. தோட்டா சிக்காமல் ஏறும், கட்டை நேராக இருக்கும் என்றெல்லாம் அது சொல்லவில்லை. நாளைக்கும் தாங்கும் என்றுகூடச் சொல்லவில்லை: 2004இல் பின்லாந்தின் சாக்கோ, டிக்கா ரைஃபிள்களின் துருப்பிடிக்காத உருக்குக் குழல்கள் சில வெடித்து, திரும்பப் பெற்றார்கள். கோளாறு உருக்கிலேயே இருந்தது. இத்தனைக்கும் நான் யாருக்காவது சிபாரிசு செய்தால் டிக்காவைத்தான் சொல்வேன். மைத்துனரைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொட மாட்டோம், ரைஃபிளும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். போன வருஷம் திறந்தால் போல்டில் துரு. புது ரைஃபிள்! இதுவும் கம்பெனிக் குறையா? (வாசகர், வெருலம்)

பதில்: பாதி கம்பெனி, பாதி நம் கடற்கரைக் காற்று. பளபளவென்று தேய்த்து துருவைத் தடுக்க ஆழமாகக் கருநீலம் ஏற்றுகிற வேலையெல்லாம் மலிவு ரைஃபிளில் கிடையாது. மேல்பூச்சு சொரசொரப்பாக இருந்தால் ஈரம் தங்கும். துருப்பிடிக்காத உருக்கும் பிடிக்கும், மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். ஸ்பாஞ்ச் உறைக்குள் போட்டுப் பெட்டியில் வைத்திருந்தீர்களா? அந்த உறையை வெளியே எடுங்கள், அது ஈரத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும். எண்ணெய்த் துணியால் துடைத்து, உறை இல்லாமல் நிறுத்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போடுங்கள். மாதம் ஒருமுறை திறந்து துடையுங்கள். விரதத்துக்கு அதனால் பங்கம் ஒன்றும் வராது, பூசாரியிடம் வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள்.